அதபாசுகா ஏரி: பெயரும் நிலமும் எல்லைக்கோடும்

மொழியியல் பயிலும் நம் முதுகலை மாணவர், வட அமெரிக்கப் பழங்குடி மொழிகளைப் பற்றிப் படிக்குங்கால், 'அதபாசுகன் மொழிக்குடும்பம்' என்னும் தொடரைக் கண்டிருப்பர். அலாசுகாவும் கனடாவின் வடமேற்கும் தொடங்கித் தெற்கே அரிசோனாவின் வறண்ட நிலத்தில் வாழும் நவகோ மக்களின் மொழி வரையில் அக்குடும்பம் பரந்து கிடப்பதையும் அவர் அறிந்திருப்பர். ஆயின், அதபாசுகா என்பது யாது, அச்சொல் எம்மொழிக்குரியது, அதன் பொருள் என்ன என வினவுவார் மிகச் சிலரே. அஃது ஓர் ஏரியின் பெயர். கனடா நாட்டின் வடபால், ஆல்பெர்ட்டா, சாசுகாச்சவான் என்னும் இரு மாகாணங்களின் எல்லைமேல் அவ்வேரி கிடக்கிறது.

இடப்பெயர் ஆராய்வோர் நிலத்தை ஆராயாது பெயரின் பொருளை உறுதி செய்தல் இயலாது என்பது யாம் மாணவர்க்குப் பலகால் கூறிவருவது. அதற்கு எடுத்துக்காட்டு நாடுவார்க்கு இவ்வேரியினும் சிறந்தது கிடைத்தல் அரிது. இதன் பெயர் இதன் ஒரு மூலையை மட்டும் சுட்டி எழுந்தது. இதன் எல்லையோ நிலத்தில் யாதொன்றையும் சுட்டாது வானநூல் அளவையால் வரையப்பட்டது. பெயர் பிறந்த அம்மூலையின் நலமோ, இவ்விரு மாகாணங்களுள் எதிலும் அடங்காத ஓர் இடத்தில் அறுதியிடப்படுகிறது. இம்மூன்றையும் ஈண்டு ஒருங்கு வைத்து விளக்கப் புகுகின்றோம்.

சொற்களைப் பற்றி முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். நம் நாட்டில் ஏரி என்பது பெரும்பாலும் மக்கள் கரைகோலித் தேக்கிய நீர்நிலை. அதற்கு மதகு உண்டு, கலிங்கு உண்டு, அதன் நீரால் விளையும் ஆயக்கட்டு உண்டு. யாம் ஈண்டுக் கூறும் நீர்ப்பரப்புக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. மக்கள் ஆக்காத நீர்நிலையைப் பொய்கை என்பது பழைய வழக்கு. எனினும், ஏறத்தாழ 283 கி.மீ. நீளமும், மிக அகன்றவிடத்து 50 கி.மீ. அகலமும், 7,850 சதுர கி.மீ. அளவிலான பரப்பும் உடைய ஒன்றைப் பொய்கை என்றால் கேட்போர் நகுவர். ஆகலின், வழக்கு நோக்கி ஏரி என்றே எழுதுகின்றோம்.

ஏரி 59ஆம் வட அட்சரேகையை ஒட்டிக் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் 213 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் பேராழம் 124 மீட்டர். ஆண்டின் பாதிக்கும் மேற்பட்ட காலம் அதன்மேல் பனிக்கட்டி மூடியிருக்கும். மேற்குக் கோடியில் உள்ள சிப்பவையான் கோட்டை என்னும் ஊருக்கு ஆண்டு முழுவதும் செல்லத்தக்க சாலை இன்றுவரை இல்லை. குளிர்காலத்தில் உறைந்த ஆறுகளின் மேலும் சதுப்பின் மேலும் அமைக்கும் பனிச்சாலையும், கோடையில் படகும், எக்காலத்தும் வானூர்தியுமே வழி. 2023ஆம் ஆண்டு மே இறுதியில் காட்டுத்தீ அவ்வூரை நெருங்கியபோது, மக்கள் அனைவரும் படகாலும் வானூர்தியாலுமே வெளியேற்றப்பட்டனர்.

இந்நீரின் மூன்று கரைகளும் மூவேறு நிலங்கள். வடகரை, கனடாக் கேடயம் என நிலநூலார் கூறும் மிகத் தொன்மையான கரும்பாறை நிலம். மண் அருகியும் பாறை மிகுந்தும், கூம்பிலை மரங்கள் பாறை வெடிப்புகளில் வேரூன்றியும் காணப்படும். தென்கரையின் பெரும்பகுதி, அதபாசுகா மணற்கல் எனப் பெயரிட்ட படிவுப்பாறையின்மேல் அமைந்த மணல்நிலம். மேற்குக் கோடியோ பாறையுமன்று, மணலுமன்று. ஆறுகள் கொணர்ந்து குவித்த வண்டலும், புல்லும், நாணலும், எண்ணிறந்த ஆழமற்ற நீர்நிலைகளும் விரவிய டெல்டா.

இவ்வேற்றுமைக்குக் காரணம் பனியூழியின் முடிவில் நிகழ்ந்தது. வட அமெரிக்காவின்மேல் கிடந்த பெரும்பனிப்படலம் பின்வாங்கிய காலத்தில், ஏறத்தாழ 10,000 ஆண்டுகட்கு முன்னர், இப்பகுதியில் மக்கானல் எனப் பெயர்பெற்ற மாபெரும் பனியுருகு நீர்ப்பரப்பு ஒன்று இருந்தது. பனியின் பெரும்பொறை நீங்கியதும் அழுந்தியிருந்த நிலம் மெல்ல மேலெழுந்தது; ஆறுகளின் வண்டலும் இடையிடையே மேடிட்டது. அந்நீர்ப்பரப்பு பிரிந்து எஞ்சியனவே கிரேட் பேர், கிரேட் சிலேவ், அதபாசுகா என்னும் இன்றைய மூன்று ஏரிகள். எனவே, அதபாசுகாவைத் தனித்த ஓர் ஏரியாகக் கொள்வதைவிட, ஒரு பழங்கடலின் தெற்கத்திய எச்சமாகக் கொள்ளுதல் பொருந்தும். கடல் என்றது உவமையே, அந்நீர் நன்னீர்.

தென்கரையின் மணல் தனித்து நோக்கத்தக்கது. ஏறத்தாழ 100 கி.மீ. நீளத்திற்கு அக்கரையில் மணற்குன்றுகள் பரந்துள்ளன. சில 30 மீட்டர் வரை உயர்ந்தவை. இத்துணை வடக்கே இவ்வளவு பெரிய, காற்றால் இன்னும் நகர்ந்துவரும் மணற்பரப்பு உலகில் மிக அரிது. இதனைப் பாலை எனப் பெயரிட்டு எழுதுவாரும் உளர். அது பொருந்தாது. மழையின்மையால் விளைந்த வறட்சி அன்று இது. பனியாறுகள் மணற்கல்லை அரைத்துத் தூளாக்கி, உருகிய நீர் அத்தூளைக் கொணர்ந்து படிவித்து, நீர்மட்டம் தாழ்ந்தபின் காற்று அதனை எடுத்துக் குவித்ததால் விளைந்த மணல். குன்றுகளின் இடையே ஊற்றும் ஓடையும் உள. வில்லியம் ஆறு என்னும் ஆறு தன் கீழ்ப்பகுதியில் மணற்குன்றுகளின் ஓரமாக ஓடுங்கால், அள்ளிய மணலைச் சுமக்கவியலாது பற்பல கால்களாகப் பின்னிப் பிரிந்து, ஏரியில் தனக்கென ஒரு டெல்டாவை அமைத்துக் கொள்கிறது. உலகில் வேறெங்கும் காணாத ஏறத்தாழப் பத்து வகைச் செடிகள் இம்மணலில் உள்ளன. 10,000 ஆண்டு என்பது செடிவகை புதிதாய்த் தோன்றுதற்கு மிகக் குறுகிய காலமாதலின், உயிர்நூலார் இவற்றை விருப்புடன் ஆராய்ந்து வருகின்றனர். 1992இல் சாசுகாச்சவான் மாகாணம் இம்மணற்பகுதியைக் காப்பிடமாக்கியது. அங்கு வாழும் தெனே மக்கள் கூறும் பழங்கதையோ வேறு: வேட்டுவன் ஒருவனின் ஈட்டி தைத்த மாபெரும் நீர்நாய் ஒன்று துடித்துப் புரண்டு மண்ணை மணலாக அரைத்துவிட்டதாம். அரைத்தது நீர்நாயா, பனியாறா என்பது ஒருபுறமிருக்க, மணல் அரைபட்டு உண்டானது என்னும் அளவில் இரு கூற்றும் ஒன்றே.

இனி நீரின் போக்கைக் காண்போம். கிழக்கேயிருந்து பான்-டு-லாக் ஆறு வந்து ஏரியில் கலக்கிறது. அவ்வாறு புறப்படும் வொல்லாசுடன் ஏரி வியப்புக்குரியது. அதன் நீர் இரு திசையில் வடிகிறது: ஒரு கூறு இவ்வழியே அதபாசுகாவை அடைந்து ஆர்க்டிக் கடலுக்குச் செல்ல, மற்றொரு கூறு காக்ரேன் ஆற்றின் வழியே அட்சன் குடாவை நோக்கிச் செல்கிறது. தென்மேற்கிலிருந்து வருவது அதபாசுகா ஆறு. ஆல்பெர்ட்டாவின் மேற்கெல்லையில், ராக்கி மலையின் கொலம்பியாப் பனியாற்றில் பிறந்து, ஏறத்தாழ 1,231 கி.மீ. ஓடி அஃது ஏரியை அடைகிறது. ஏரியின் வடிகால் வடமேற்கு மூலையில் உள்ளது. அங்கே நீர் சில கால்வாய்களாகப் பிரிந்து வெளியேறி, மேற்கிலிருந்து வரும் பீசு ஆற்றோடு கூடிச் சிலேவ் ஆறு என்னும் பெயர் பெற்று, கிரேட் சிலேவ் ஏரியையும் மெக்கென்சி ஆற்றையும் கடந்து ஆர்க்டிக் கடலில் முடிகிறது.

இவ்வடிகாலின் இயல்பே இக்கட்டுரையின் நடுநாயகமான செய்தி. ஏரிக்கும் பீசு ஆற்றிற்கும் இடையே நிலச்சரிவு மிகக் குறைவு. ஆகவே, இளவேனிலிலோ கோடையின் தொடக்கத்திலோ பீசு ஆற்றில் வெள்ளம் உயருமாயின், ஏரியின் வடிகால்கள் திசைமாறிப் பின்னோக்கிப் பாயும். வெளியேற வேண்டிய வாய்க்கால் உட்புகும் வாய்க்காலாகும். ஏரிநீர் தடைப்பட்டு உயர்ந்து டெல்டாவின் வாய்க்கால்களிலும் கிளேர், மமாவி முதலிய ஆழமற்ற ஏரிகளிலும் பரவும். இவையன்றி, ஆற்றோடு வாய்க்கால் தொடர்பு இல்லாது சற்று மேட்டில் அமைந்த பள்ளங்களும் டெல்டாவில் பலவுள. சாதாரண வெள்ளம் அவற்றை எட்டாது. இளவேனிலில் பீசு ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து, பாளம்பாளமாய் ஓரிடத்தில் அடைத்துக்கொண்டு அணைபோல் நின்று, பின்னால் வரும் நீர் கரைபுரண்டு எழுந்தாலன்றி அப்பள்ளங்கட்குப் புதுநீர் இல்லை. அவ்வாறு சில ஆண்டுகட்கு ஒருமுறை நிகழும் அடைப்பு வெள்ளமே கோரைப்புல் வெளிகளைத் தழைக்கச் செய்தது. புல்லை நம்பிக் காட்டெருமையும், நீரை நம்பி மசுக்ராட்டு என்னும் நீரெலியும், அவ்விரண்டையும் நம்பி மக்களும் வாழ்ந்தனர். பீசு, அதபாசுகா, பர்ச்சு என்னும் மூன்று ஆறுகள் சேர்ந்து அமைத்த இந்நிலம் உலகின் மிகப் பெரிய உள்நாட்டு நன்னீர் டெல்டாக்களுள் ஒன்று.

ஏரியின் பெயர் இங்கேதான் பிறந்தது. அதபாசுகா என்பது கிரீ மொழிச்சொல். நாணலும் புல்லும் அடுத்தடுத்து நிற்கும் இடம் என்பது அதன் பொருள். அட்சன் குடாக் கும்பினியின் நிலவளவையாளர் பிலிப்பு டர்னர் 1791இல் தம் நாட்குறிப்பில் இப்பெயர்க் காரணத்தைத் தெளிவாகவே எழுதி வைத்தார்: தாழ்ந்த சதுப்பும், ஆங்காங்கு வில்லோப் புதரும், புல்லும் உடைய திறந்தவெளியைக் குறிக்கும் கிரீச் சொல்லே ஏரி முழுமைக்கும் பெயராயிற்று என்பது அவர் கருத்து. அவர் காலத்தவரான பீட்டர் பிட்லர் 1790இல் ஆற்றின் பெயரை வேறுவகையாக எழுதினார். 1801இல் மற்றொரு வடிவம் காணப்படுகிறது. 1820இல் சியார்ச்சு சிம்சன் எழுத்தில்தான் இன்றைய வடிவம் ஏரிக்கும் ஆற்றிற்கும் பொதுவாக நிலைபெற்றது. கேட்ட ஒலியைத் தத்தம் செவிக்கு ஏற்ப எழுதுங்கால் இத்திரிபு இயல்பே. யாமும் ஈண்டு நம் எழுத்திற்கு ஏற்ப மற்றுமொரு வடிவத்தைச் சேர்த்துள்ளோம்.

ஆனால், அக்காலத்தே இவ்வேரிக்கு வேறொரு பெயரும் வழங்கியது. அலெக்சாண்டர் மெக்கென்சி 1801இல் வெளியான தம் பயண நூலில் இதனை 'மலைகளின் ஏரி' என்று குறிக்கிறார். புல்லும் நாணலும் பற்றி எழுந்த பெயர் ஒருபுறம். மலை பற்றி எழுந்த பெயர் மறுபுறம். முரண் போலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையே. நாணல் மேற்குக் கோடியது, மலை வடகரையது. நின்ற இடம் வேறாகவே கண்ட நிலமும் வேறாயிற்று. இவற்றுள் நாணற்பெயர் நிலைபெற்று, மலைப்பெயர் மறைந்தது. நாணல் வளரும் பரப்பு ஏரியின் நீளத்தோடு ஒப்பிடச் சிறிதேயாயினும், வேட்டையும் மீனும் வாணிகமும் குவிந்த இடம் அதுவே. பெயர் பரப்பைப் பின்பற்றவில்லை, வாழ்வைப் பின்பற்றியது என்று யாம் கொள்கின்றோம்.

கிழக்குக் கோடியில் பான்-டு-லாக் என்னும் தெனே ஊர் உள்ளது. பிரெஞ்சு மொழியில் அதற்கு ஏரியின் அடிக்கோடி என்பது பொருள். யாருக்கு அது கோடி? அங்கேயே வாழும் தெனே மக்கட்கு அன்று. மேற்கே கோட்டையில் அமர்ந்து கிழக்கு நோக்கிய தோல்வணிகர்க்கே அது கோடி. சிப்பவையான் என்னும் பெயரும் இவ்வாறே. தெனே மக்கள் அணிந்த கூர்முனைத் தோலாடையைச் சுட்டிக் கிரீ மக்கள் இட்ட பெயர் அது. அம்மக்கள் தம்மைத் தெனே, அதாவது மக்கள், என்றே கூறிக்கொள்வர். சிலேவ் ஆறு என்பதோ, கிரீ மக்கள் தம் வடக்கத்திய அயலாரை இழித்துக் கூறிய சொல்லை ஆங்கிலத்தார் அடிமை என மொழிபெயர்த்ததன் பயன். இவ்வாறாக, நிலத்திற்கு உரியவரின் மொழி நிலப்படத்தில் இடம்பெறாது, வழிகாட்டிகளாய் வந்த கிரீ மக்களின் மொழியும், வணிகரின் பிரெஞ்சும் ஆங்கிலமுமே இடம்பெற்றன.

இதன் உச்சம் 1836இல் நிகழ்ந்தது. அமெரிக்கப் பழங்குடி மொழிகளை வகைப்படுத்திய ஆல்பர்ட் கல்லட்டின், தெனே இன மொழிகள் அனைத்திற்கும் பொதுப்பெயராக இவ்வேரியின் பெயரைத் தேர்ந்தார். அது தாமாக விரும்பித் தேர்ந்த பெயரே என்பதையும் அவர் மறைக்கவில்லை. கிரீயோ அல்காங்கியன் என்னும் முற்றிலும் வேறான குடும்பத்தைச் சார்ந்தது. ஆகவே, ஒரு மொழிக்குடும்பம் முழுவதும் அயற்குடும்பச் சொல் ஒன்றால், அதுவும் நாணற்சதுப்பைக் குறிக்கும் சொல்லால், வழங்கப்படலாயிற்று. நாணலையே காணாத அரிசோனா மேட்டுநில மொழியும் அப்பெயரினுள் அடங்கியது. கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்திற்கு வடமொழி வழக்கிலிருந்து திராவிடம் என்னும் சொல்லை எடுத்துக்கொண்டதை அறிந்த நமக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. அம்மொழிகளை ஆராய்வோர் கூடும் ஆண்டு மாநாடு 2012இல் அதபாசுகன் என்பதை நீக்கித் தெனே என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. நம் பாடநூல்களிலும் இம்மாற்றம் இடம்பெறுதல் நன்று.

கோட்டையைப் பற்றிச் சிறிது கூறி மேற்செல்வோம். 1778இல் பீட்டர் பாண்டு என்னும் வணிகர் மெத்தி என்னும் நீண்ட நிலவழியைக் கடந்து இப்பகுதிக்கு வந்தார். 1788இல் ரோடரிக் மெக்கென்சி வடமேற்குக் கும்பினிக்காக ஏரியின் தென்கரையில் கோட்டையை அமைத்தார். பின்னர் அது வடகரைப் பாறைமேல் மாற்றப்பட்டது. அங்கிருந்துதான் அலெக்சாண்டர் மெக்கென்சி 1789 சூன் 3ஆம் நாள் படகில் புறப்பட்டு, இன்று அவர் பெயரால் வழங்கும் ஆற்றின் வழியே ஆர்க்டிக் கடலை அடைந்து, 102 நாட்களில் மீண்டார். ரோடரிக் அக்கோட்டையில் ஒரு நூலகமும் அமைத்தார். தோலும் உலர்ந்த இறைச்சியுமே சரக்காக இருந்த இடத்தில் நூல்கள் குவிந்தமையால், அக்கோட்டையை வடபுலத்துச் சிற்றேதென்சு எனப் புகழ்ந்தனர். நூல்களை அத்துணைத் தொலைவு படகிலும் தோளிலும் சுமந்தவரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

இனி எல்லை. 1899இல் கனடா அரசு, கிரீ, தெனே முதலிய மக்களோடு எட்டாம் ஒப்பந்தம் எனப்படுவதைச் செய்துகொண்டது. அவ்வாண்டு சூலையில் சிப்பவையான் கோட்டையிலும் பான்-டு-லாக்கிலும் அது கைச்சாத்தாயிற்று. அவ்வொப்பந்தத்தின் நிலப்பரப்பு ஆறுகளையும் மக்கள் வாழ்ந்த இடங்களையும் தழுவியது: இன்றைய ஆல்பெர்ட்டாவின் வடபகுதி, சாசுகாச்சவானின் வடமேற்கு, பிரிட்டிசுக் கொலம்பியாவின் வடகிழக்கு, வடமேற்கு ஆட்சிப்பகுதியின் ஒரு கூறு ஆகியவை அதனுள் அடங்கும். ஏரி முழுவதும் அதனுள் இருந்தது. பீசு ஆற்றின் மேற்பகுதியும் இருந்தது. ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1905 செப்டம்பர் 1ஆம் நாள் ஆல்பெர்ட்டாவும் சாசுகாச்சவானும் மாகாணங்களாயின. ஒரே மாகாணமாக வேண்டுமென ஆல்ட்டெயின் என்னும் ஆட்சித் தலைவர் வாதிட்டார். லாரியே அரசு இரண்டாகப் பிரித்தது. பிரித்த கோடு 110ஆம் மேற்குத் தீர்க்கரேகை. கோதுமை வயல்களைப் பங்கிடத் தெற்கே பொருத்தமாகத் தோன்றிய அக்கோடு வடக்கே 60ஆம் அட்சரேகை வரை நேராக இழுக்கப்பட்டது. வழியில் ஏரி குறுக்கிட்டது. கோடு அதனையும் வெட்டிச் சென்றது. ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு ஆல்பெர்ட்டாவிலும், ஏழு பங்கு சாசுகாச்சவானிலும் அமைந்தன. 1882 முதல் அதபாசுகா என்னும் பெயருடன் தனி ஆட்சிமாவட்டம் ஒன்று இருந்தது; அதுவும் அன்றோடு மறைந்தது.

நம் பழைய ஊர்ச் சாசனங்களில் எல்லை கூறுங்கால், இன்ன வாய்க்காலுக்குக் கிழக்கு, இன்ன குளத்துக்கு மேற்கு என நிலத்தையே சான்றாகக் கூறுதல் மரபு. தீர்க்கரேகை எல்லைக்கு அத்தகைய சான்று தேவையில்லை. படகில் செல்வோன் தான் எப்போது மாகாணம் மாறினான் என்பதை நீரைப் பார்த்து அறிய இயலாது. 1930 வரையில் இதனால் பெரிய வேறுபாடு விளையவில்லை. நிலமும் கனிவளமும் நடுவணரசிடமே இருந்தன. அவ்வாண்டில் அவை மாகாணங்கட்கு மாற்றப்பட்டபின்னரே கோட்டின் இருபுறமும் இருவேறு உடைமையாயின.

சாசுகாச்சவான் பகுதியின் வடகரையில் 1930களில் பொன் தேடினர். கோல்டுபீல்ட்சு என்னும் சுரங்க ஊர் 1939 முதல் 1942 வரை பொன் எடுத்துக் கைவிடப்பட்டது. பின்னர் யுரேனியம் கிடைத்தது. 1952இல் யுரேனியம் சிட்டி என்னும் ஊர் எழுந்தது. பள்ளிகளும் மருத்துவமனையும் கொண்டு ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த அவ்வூரின் பெருஞ்சுரங்கம் 1982இல் மூடப்படவே, மக்கள் கலைந்தனர். இன்று நூற்றுக்கும் குறைவானோரே உளர். ஏரிக்கரையிலேயே இருந்த கன்னார் சுரங்கம் 1955 முதல் 1963 வரை நடந்தது. மூடியபோது ஏரிநீரை வெட்டிவிட்டுக் குழியை நிரப்பினர். அதன் கழிவை அகற்றும் பொறுப்பும் செலவும் அரசின்மேல் விழுந்தன. இவையனைத்தும் கோட்டுக்குக் கிழக்கே. இடையில் ஒரு சிறு செய்தி: 1961இல் இவ்வேரியில் வலையிட்டவர்க்கு 46.3 கிலோகிராம் எடையுள்ள ஏரி மீன் ஒன்று கிடைத்தது; அவ்வினத்தில் பதிவான மிகப் பெரிய மீன் அது என்பர்.

கோட்டுக்கு மேற்கே நிகழ்ந்தது சுரங்கம் போன்று கண்ணிற்குத் தோன்றுவதன்று. டெல்டாவின் பெரும்பகுதி, 1922இல் நிறுவப்பட்டு 1926இல் தெற்கே விரிக்கப்பட்ட உட் பப்பலோ தேசியப் பூங்காவினுள் உள்ளது. அப்பூங்கா ஏறத்தாழ 44,800 சதுர கி.மீ. பரப்புடையது. 1982இல் டெல்டா இராம்சார் உடன்படிக்கையின் கீழும், 1983இல் பூங்கா யுனெசுகோவின் உலக மரபிடப் பட்டியலிலும் இடம்பெற்றன. காப்பிற்குக் குறைவில்லை போலத் தோன்றும். ஆனால், டெல்டாவிற்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் தொலைவில், பிரிட்டிசுக் கொலம்பியாவில், பீசு ஆற்றின் குறுக்கே பென்னட் அணை எழுந்திருந்தது. 1968 முதல் 1971 வரை அதன் தேக்கத்தை நிரப்பினர். அவ்வாண்டுகளில் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தது, டெல்டாவின் ஆழமற்ற நீர்நிலைகள் பல வற்றின, நீரெலி குறைந்தது, அதனைப் பொறிவைத்துப் பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் வாழ்விழந்தன.

காரணத்தைச் சிறிது விளக்குவோம். மின்னாக்கத்திற்குக் குளிர்காலத்தில் நீர் மிகுதியும் வேண்டும். ஆகவே கோடை வெள்ளத்தைத் தேக்கிக் குளிர்காலத்தில் விடுகின்றனர். கோடையில் வெள்ளம் தணியவே, ஏரியின் வடிகால் பின்னோக்கிப் பாய்தல் அருகிற்று. குளிர்காலத்தில் ஆறு உயர்ந்து ஓடும் நிலையிலேயே உறைவதால், பனிக்கட்டியும் உயர்ந்த மட்டத்தில் அமைகிறது. இளவேனிலில் அதனை உடைத்து அடைப்பு உண்டாக்க முன்னையினும் மிகுந்த நீர் வேண்டும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்ப்பின் ஆற்றில் ஓடும் நீர் பெரிதும் குறையவில்லை. அது வரும் பருவமே மாறிற்று. காவிரியில் தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதினும் எப்போது வந்தது என்பதே குறுவை நட்டவனுக்கு முதன்மையானது என்பதை அறிந்தவர்க்கு இது விளங்கும். 1974இலும் 1996, 1997இலும் அடைப்பு வெள்ளங்கள் நிகழ்ந்தன. இடையே இருபதாண்டுக்கு மேல் மேட்டுப் பள்ளங்கட்குப் பெருவெள்ளம் இல்லை.

1975, 1976இல் வடிகால்கள் இரண்டில் கற்குவியல் தடுப்பணைகள் கட்டினர். ஏரியின் மட்டமும் அதனோடு தொடர்புடைய நீர்நிலைகளும் ஓரளவு மீண்டன. மேட்டுப் பள்ளங்கட்கோ அவற்றால் பயன் இல்லை. அவற்றிற்கு வேண்டுவது உயர்ந்த ஏரிமட்டமன்று, கரைபுரளும் வெள்ளம். வறட்சிக்கு அணையே காரணமா, வெப்பம் மிகுந்து மலைப்பனி குறைந்துவரும் தட்பவெப்ப மாற்றமும் பங்குடையதா என்பதில் ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடுகின்றனர். ஏரிச் சேற்றின் அடுக்குகளை ஆராய்ந்தோருள் சிலர், அணைக்கு முன்னரும் வறண்ட காலங்கள் இருந்தன எனக் காட்டுவர். பனியடைப்பின் இயக்கத்தை ஆராய்ந்தோர், அணை அதனைத் தடுப்பதை வலியுறுத்துவர். இரண்டும் ஒருங்கே செயற்படுகின்றன என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. தட்பவெப்பம் நீரைக் குறைக்குங்கால், எஞ்சிய வெள்ளத்தையும் மட்டுப்படுத்துவது அணை. தென்மேற்கிலிருந்து வரும் அதபாசுகா ஆற்றின் கரையிலோ 1967 முதல் எண்ணெய் மணற் சுரங்கங்கள் பெருகியுள்ளன. அவற்றின் கழிவுநீர்த் தேக்கங்கள் பற்றிய அச்சம் ஏரிக்கரை மக்களிடம் ஆழ வேரூன்றியுள்ளது.

இங்கே எல்லையின் வினா மீண்டும் எழுகிறது. அணை ஒரு மாகாணத்தில். டெல்டா மற்றொரு மாகாணத்தில், அதுவும் நடுவணரசின் பூங்காவில். ஏரியின் பெரும்பகுதி மூன்றாவது மாகாணத்தில். மின்சாரத்தின் பயன் முதலாவதற்கு, வறட்சி இரண்டாவதற்கு. இவற்றையெல்லாம் ஒரே பரப்பாகக் கண்ட ஆவணம் 1899ஆம் ஆண்டு ஒப்பந்தமே. அதன்படி உரிமை கோரும் மிக்கிசூ கிரீ மக்கள், உலக மரபிடம் இடருற்றது என அறிவிக்குமாறு 2014இல் யுனெசுகோவிடம் முறையிட்டனர். 2016இல் அறிஞர் குழு வந்து ஆராய்ந்து, 2017இல் அறிக்கை தந்தது. 2019இல் கனடா அரசு செயற்றிட்டம் ஒன்றை வெளியிட்டது. எனினும், அதே பீசு ஆற்றில் சைட் சி என்னும் மற்றோர் அணையும் கட்டப்பட்டு, அதன் தேக்கம் 2024இல் நிரப்பப்பட்டது. மாகாண அரசுகட்கு முறையிட்டுப் பயன் காணாதவர் பன்னாட்டு அவையை நாடினர் என்பதில் வியப்பில்லை. அவ்வவையிடம் அணையின் மதகைத் திறக்கும் திறவுகோல் இல்லை என்பதையும் அவர் அறியாதவரல்லர்.

பெயராராய்ச்சிக்கு உரிய ஒரு நுட்பத்தை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். டர்னர் 1791இல் எழுதிய பொருள்விளக்கத்தில் நீர், வில்லோ, புல் என மூன்றும் உள. மேட்டுப் பள்ளங்கள் வற்றிய இடங்களில் இன்று கோரைப்புல் வெளி சுருங்கி, அதன்மேல் வில்லோப் புதர் பரவி வருவதைச் செடிநூலார் பதிவு செய்துள்ளனர். பெயரின் கூறுகளுள் ஒன்று மிகுந்து, ஏனைய இரண்டும் குறைந்து வருகின்றன. தெனே மொழியில் சிப்பவையான் கோட்டைக்கு வழங்கும் பெயருக்கும் வில்லோ நிலம் என்றே பொருள். வேட்டைக்கு நீர்வழியாகச் சென்ற வாய்க்கால்களில் இப்போது புதரை வெட்டி வழிசெய்து படகை இழுத்துச் செல்வதாக அவ்வூர் முதியோர் கூறுகின்றனர்.